கண்ணாடிக் கம்பியா, கண்வரிச்சா? மாதிரி ரயில் கட்டடச் சன்னலுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

அட்டையும் பிளாஸ்டிக் தகடும் வெட்டி மாதிரி ரயில் கட்டடங்களை முழுக்கக் கையால் கட்டுவதற்கான கையேட்டில், சன்னல் பகுதி நகரமாட்டேன் என்கிறது. வரைவில் மூன்று உறுப்புகளையும் 'சட்டம்' என்றே எழுதிவிட்டோம்: சுவரில் பதிந்து நிற்பது, அதற்குள் திறந்து மூடுவது, கண்ணாடியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் மெல்லிய மரக்குச்சி. "சட்டத்தைக் கடைசியில் ஒட்டவும்" என்று படிப்பவர் எதை ஒட்டுவார்? முதல் இரண்டுக்கும் நிலை, கதவு என்ற தச்சர் வழக்கு இருக்கிறது. நிலைச்சட்டம், கதவுச்சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு என் முன்மொழிவு: கண்ணாடிக் கம்பி.

---

> கண்ணாடிக் கம்பி

வேண்டாம் ஐயா. சன்னல் கம்பி என்றாலே எல்லாருக்கும் இரும்புக் கம்பிதான் நினைவுக்கு வரும். அதையும் நாம் செய்கிறோம்: 12 மி.மீ. இரும்புக் கம்பி 1:87 அளவில் (நிஜத்தின் 87 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ.) 0.14 மி.மீ. ஆகிறது, அதற்கு 0.15 மி.மீ. உலோகக் கம்பி வைக்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு கம்பிகள் வந்தால் குழப்பம் தீராது. குறுக்குச்சட்டமும் ஒத்துவராது, நெடுக்காக நிற்பவையும் உண்டே. 'பீடிங்' என்பது கண்ணாடி விழாமல் ஓரத்தில் அடிக்கும் பட்டை, அது வேறு உறுப்பு.

பெயர் எதுவானாலும் மூன்றையும் பிரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் மூன்றின் அளவும் வேறு. நிஜத்தில் நிலையின் வெளித்தெரியும் அகலம் 60 மி.மீ., கதவுச்சட்டம் 50, நடுக்குச்சி 20 என்று கொள்வோம். 1:87-இல் இவை 0.7, 0.57, 0.23 மி.மீ. நடுக்குச்சி மட்டும் 1:76-இல் 0.26, 1:43.5-இல் 0.46, 1:160-இல் வெறும் 0.125. கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையே 0.25 மி.மீ. தடிமன், 0.5 மி.மீ. அகலம். அதைப் படுக்கவைத்து நடுக்குச்சியாக ஒட்டினால் 1:87-இல் நிஜ அகலம் 43.5 மி.மீ. என்றாகிவிடும். பார்த்தவுடன் சிறைச்சாலை! கைவேலையில் அதிகம் கெடுவது இந்த ஓர் உறுப்புதான். அதனால் அதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

---

வணக்கம். வலையில் இருப்பது வலைக்கண், சல்லடையில் இருப்பது சல்லடைக்கண். சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையிலும் 'சாளரக் குறுங்கண்' வருகிறது. எனவே ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்தையும் 'கண்' என்றே சொல்லலாம். கண்களுக்கு நடுவே ஓடுவது கண்ணிடைச் சட்டம்.

---

கண் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். 'ஆறு கண் சன்னல்' என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். ஆனால் கண்ணிடைச் சட்டத்தில் மறுபடியும் 'சட்டம்' வந்துவிட்டதே அம்மா! கூரையிலும் தட்டியிலும் வைத்துக் கட்டும் மெல்லிய பட்டைக்கு வரிச்சு என்று பெயர் உண்டு. கண்வரிச்சு என்றால் என்ன?

கலைச்சொல்லைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிடச் செய்முறைக்குள் போட்டுப் பார்ப்பதுதான் சரி. ஒட்டுத்தாள் முறையை எழுதிப் பார்க்கிறேன்:

"சன்னலின் கட்டவரைபடத்தைத் தாளில் வரைந்து, ஒரு கண்ணாடிப் பலகையில் ஒட்டுங்கள். அதன்மேல் 0.25 மி.மீ. ஒளிபுகும் தகட்டை, திறப்பைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. கூடுதலாக வைத்து நாடாவால் பிடியுங்கள். பின்பசை உள்ள முகவரி ஒட்டுத்தாளுக்கு முதலிலேயே வண்ணம் பூசி நன்றாக உலரவிடுங்கள். பிறகு பூசினால் தகட்டில் வண்ணம் வழியும். ஒட்டுத்தாளைக் கண்ணாடிப் பலகைமேல் லேசாக ஒட்டி, புதுக் கத்தி அலகும் எஃகு அளவுகோலும் கொண்டு 0.25 மி.மீ. அகலத்தில் கண்வரிச்சுகளைச் சீவுங்கள். கத்திமுனையால் தூக்கி, நெடுக்கு வரிச்சுகளை முதலில், குறுக்கு வரிச்சுகளை அடுத்து ஒட்டுங்கள். இரு முனையும் கட்டத்தைத் தாண்டி நீளட்டும். கதவுச்சட்டத்தை அவற்றின்மேல் கடைசியில் ஒட்டுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள், இப்போது குழப்பமில்லை. காரணமும் வெளிப்படையாகத் தெரிகிறது: ஒட்டுத்தாளின் பசை நாளடைவில் தளரும், வரிச்சின் முனைதான் முதலில் எழும்பும். அந்த முனையைக் கதவுச்சட்டம் அமுக்கிக்கொள்கிறது.

ஒரே சுவரில் நான்கு சன்னல் வரிசையாக இருந்தால் நான்குக்கும் சேர்த்து ஒரே நீளக் குறுக்கு வரிச்சு ஒட்டிவிட்டு, பிறகு தகட்டைத் துண்டாக்குங்கள். தனித்தனியாகச் செய்தால் ஒன்றாவது அரை மி.மீ. ஏறி இறங்கும், கண்ணுக்கு அதுதான் முதலில் படும். வெள்ளை வரிச்சு கருநிற உட்புறத்துக்கு எதிரே தடித்துத் தெரியும் என்பதால் வெள்ளைக்கு 0.2 மி.மீ. போதும்.

---

> நெடுக்கு வரிச்சுகளை முதலில், குறுக்கு வரிச்சுகளை அடுத்து

இரண்டும் சந்திக்கும் இடத்தில் தாள் இரட்டித்து மேடாகும். பக்கவெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நெடுக்கை வெளிமுகத்திலும் குறுக்கை உள்முகத்திலும் ஒட்டினால் மேடு இராது. இடையில் கால் மி.மீ. விலகல் வரும், ஆனால் ஓரடி தள்ளிப் பார்க்கும்போது தெரியாது.

மேலும் கீழுமாக நகரும் கதவு உள்ள சன்னலுக்கு இதுவும் பொருந்தாது. அங்கே மேல்கதவு வெளிப்பக்கமும் கீழ்க்கதவு உள்பக்கமும் நிற்கும். மேல்கதவின் வரிச்சும் சட்டமும் தகட்டின் வெளிமுகத்தில், கீழ்க்கதவுக்கானவை உள்முகத்தில். தலைகீழாக வைத்த மாதிரிகளைக் கண்காட்சிகளில்கூடப் பார்க்கலாம், மழைநீர் நேராக உள்ளே இறங்கும் சன்னல்கள்!

'ஒளிபுகும் தகடு' என்று பொதுவாக எழுதுவதும் ஆபத்து. பிளாஸ்டிக் பட்டையைக் கரைப்பான் பசையால் (பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டவைப்பது) ஒட்டுவதானால் தகடு தெளிந்த ஸ்டைரீன் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். பாலியெஸ்டர் தகட்டில் அந்தப் பசை பிடிக்காது. நொடியில் ஒட்டும் சயனோ பசையை எதன் பக்கத்திலும் விடாதீர்கள், அதன் ஆவி தகட்டில் வெண்புகையாகப் படியும். ஓரங்களுக்கு வெள்ளைப் பி.வி.ஏ. பசை போதும்.

---

லேசர் வெட்டுக்கும் கண்வரிச்சு பொருந்துகிறது. மெல்லிய அட்டையில் கதிர் 0.15 மி.மீ. எரித்துவிடும் என்று வைத்துக்கொண்டால், 0.25 என வரைந்த வரிச்சு 0.10 ஆகத்தான் மிஞ்சும், தூக்கும்போதே அறும். எனவே 0.40 வரையவேண்டும். கண்களை முதலிலும் வெளிவிளிம்பைக் கடைசியிலும் வெட்ட ஆணையிடுங்கள். விளிம்பு முதலில் விடுபட்டால் துண்டு நகர்ந்து வரிச்சுகள் கோணும்.

என் வாக்கு கண், கண்வரிச்சு, கதவுச்சட்டம், நிலைச்சட்டம் நான்குக்கும். அந்த எரிந்து போகும் 0.15 மி.மீ.க்கும் ஒரு சொல் வேண்டுமே. ரம்பம் தின்னும் அகலத்துக்கும் அதே சொல் பொருந்தினால் நல்லது. 'வெட்டுத்தடம்' என்று போட்டு வைத்திருக்கிறேன், சரியில்லை என்றால் புது இழையில் சொல்லுங்கள்.