தமிழ்ச் சரத்தின் முதல் மூன்று எழுத்துகளைப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஊர்ப் பெயர்களுக்குச் சுருக்கக் குறியீடு உருவாக்குவதற்காக, பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எடுக்க முயல்கிறேன். ‘கொடைக்கானல்’ என்ற சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) [0:3] என்று கொடுத்தால் ‘கொடைக்’ கிடைக்கும் என எதிர்பார்த்தேன். ஆனால் ‘கொட’ என்றே வருகிறது. காரணம் என்ன?

மறுமொழி 1:
நண்பரே, பைத்தான் சரத்தை யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளாகவே, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தந்துள்ள தனித்தனி எண்களாகவே எண்ணுகிறது. ககரம், ஒகரக் குறி, டகரம் ஆகியவற்றோடு மூன்று முடிந்துவிடுவதால், ஐகாரக் குறி வெட்டுப்பட்டு வெளியே நின்றுவிடுகிறது. நாம் ஆறு எழுத்தாகப் படிக்கும் இப்பெயருக்கு நீளம் 11 என்று அது காட்டுவதும் இதனால்தான். பைத்தானோடு வரும் ‘ரீ’ (re) என்னும் தேடல் தொகுப்பு இதற்கு உதவாது. தனியே நிறுவ வேண்டிய ‘ரெஜெக்ஸ்’ (regex) தொகுப்பில், பின்சாய்கோட்டை அடுத்துப் பெரிய ‘எக்ஸ்’ இட்டுத் (\X) தேடினால், உயிர்க்குறியும் புள்ளியும் தத்தம் மெய்யோடு சேர்ந்தே பட்டியலாகக் கிடைக்கும். அந்தப் பட்டியலில் [0:3] எடுத்து மீண்டும் இணைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்ன வழி சரியானது. ஆனால் அதற்கு முன் சரத்தை, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு முறைகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுவது அவசியம் என்பேன். ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும், எகரக் குறி, கால் என இரு குறியீட்டுப் புள்ளிகளாகவும் எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஒப்பிடும்போது வெவ்வேறு சரங்களாகிவிடும்.

மறுமொழி 3:
‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை இம்முறை இரண்டிரண்டாகப் பிரிக்கும். உங்கள் பட்டியலில் ‘ஸ்ரீரங்கம்’ இருந்தால், அவற்றை ஓரெழுத்தாகக் கொள்வதா என முடிவு செய்து, தேடுகுறியில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.