கேரி (1976): இதில் பயம் எங்கே இருக்கிறது?

நடுநிசி ரசிகன்
மனத்தாலேயே பொருள்களை நகர்த்தும் பெண், திகில் படங்களில் இதை விட்டால் ஆளில்லை என்று ஆளாளுக்குச் சொன்னதால் ஒருவழியாகக் 'கேரி' பார்த்துவிட்டேன், ரீமேக் அல்ல, பிரையன் டி பால்மா எடுத்த பழைய படம். ஒரு மணி நேரத்துக்குப் பயப்பட ஒன்றுமே இல்லையே? ஒரு பல்பு வெடிக்கிறது, தலைமையாசிரியர் மேசையிலிருந்து சாம்பல் கிண்ணம் விழுகிறது, சைக்கிளில் போகிற பொடியன் குப்புற விழுகிறான், அவ்வளவுதான் டெலிகினிசிஸ். மீதியெல்லாம் பள்ளியில் கேலி, வீட்டில் அம்மாவின் அடி. ப்ராம், அதாவது பள்ளி நடன விழா இரவு அசத்தல், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காக இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமா? கதை முழுக்கத் தெரியும், தாராளமாக எழுதுங்கள்.

பழைய ரீல்
அந்த ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டால் ப்ராம் காட்சியில் வெறும் தீயும் தண்ணீரும்தான் மிஞ்சும். கேரி தலையில் வாளி ரத்தம் கொட்டுவதற்கு முன்னால் நடப்பதை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். மேடைக்கு அடியில் ஒளிந்திருப்பவர்களின் கையில் கயிறு, கேமரா அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி உத்தரத்தில் இருக்கும் பன்றி ரத்த வாளியைக் காட்டிவிட்டு, அங்கிருந்து கீழே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கேரியைக் காட்டுகிறது. நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவளுக்கு எதுவும் தெரியாது. அப்புறம் அவள் மேடைக்கு நடந்து வருவதை மெதுவாக, மெதுவாக இழுக்கிறார். இதற்குள் கூடப் படிக்கும் சூ அந்தக் கயிறு அசைவதைப் பார்த்துவிடுகிறாள், ஆனால் அவள்தான் ஏதோ வம்பு செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்து, கேரிக்கு ஆதரவாக இருக்கும் டீச்சர் அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார். இத்தனையும் வசனமே இல்லாமல். காப்பாற்ற வந்தவளை நல்லவரே துரத்துகிறார், இதைவிட வேறென்ன பயம் வேண்டும்?

இருட்டறை
நான் கேள்வி கேட்டவர் பக்கம், கொஞ்சம். டி பால்மாவுக்கு வித்தை காட்டாமல் இருக்க முடியாது. கேரியின் சக்தி வெளிப்படும் போதெல்லாம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்து வயலின் கீச்சிடல், போதாக்குறைக்குப் பள்ளிக்கே அந்தப் படத்துக் கொலைகாரனின் பெயர், பேட்ஸ். ஹிட்ச்காக் பக்தி இருக்க வேண்டியதுதான், அதற்காக இப்படியா? நல்ல உச்சத்தில் திரையை இரண்டாகப் பிரித்ததில் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் எனக்கு வேகம் போய்விட்டது.

ஆனால் அம்மா வேடத்தில் பைப்பர் லாரி! நீங்கள் பயத்தைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். முதல் மாதவிடாய் என்னவென்றே தெரியாமல் பதறி வந்த மகளைப் பாவி என்று அடித்து, ஜெபம் செய் என்று அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறாளே, எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். அந்த அறையில் உடம்பெல்லாம் அம்பு தைத்த ஒரு புனிதர் சிலை இருக்கும். கடைசியில் சமையலறைக் கத்திகள் பறந்து வந்து குத்தி அம்மா நிற்கும் கோலம் அச்சாக அதே சிலை. கேரியாக நடித்த சிஸி ஸ்பேசெக், லாரி இருவருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள், திகில் படத்துக்கு அது லேசில் நடக்காது.

சாவி துவாரம்
யாரும் சொல்லாத ஒன்று. ரத்தம் கொட்டிய பிறகு உண்மையில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள்? சக மாணவி நார்மாவும் இன்னும் சிலரும் சிரிக்கிறார்கள், மற்றவர்கள் உறைந்துபோய் நிற்கிறார்கள். உடனே கேரியின் கண் வழியாகப் படம் கண்ணாடிச் சில்லுகள் மாதிரிச் சுழல்கிறது, அதில் டீச்சர் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். 'எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள்' என்று அம்மா சொன்ன வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, அவள் கொல்வது இல்லாத சிரிப்புக்காக. தனக்காகப் பேசிய ஒரே டீச்சரையும் கொன்றுவிடுகிறாள். 1974இல் வந்த ஸ்டீபன் கிங் நாவலில் அந்த டீச்சர் பிழைத்துக்கொள்வார். படத்தில் அதை மாற்றியதுதான் சரி என்பேன், இல்லையென்றால் கெட்டவர்களைப் பழிவாங்கினாள் என்று நாம் கைதட்டிவிட்டுப் போயிருப்போம்.

நடுநிசி ரசிகன்
டீச்சர் சிரிப்பதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன், இப்போது அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். கல்லறையிலிருந்து கை நீளும் கடைசிக் காட்சிக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரி, பையன்கள் கோட் சூட் வாடகைக்கு எடுக்கும் காட்சியைத் திடீரென்று வேகமாக ஓட்டுகிறார்களே, அதற்கும் யாராவது ஒரு விளக்கம் வைத்திருக்கிறீர்களா?

பழைய ரீல்
அதற்கு என்னிடம் வக்காலத்து கிடையாது. கைக் காட்சிக்கு உண்டு: அதில் சூவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அவள் நடை ஒரு மாதிரி மிதப்பது அதனால்தான். பின்னணியில் ஒரு கார் ரிவர்ஸில் போவதுகூடத் தெரியும்.