பீட்டா பிக்டோரிஸ் தரவில் கோளைக் காணோம், எங்கே தப்பு?

பாரி:
வணக்கம். வேலை முடிந்து ராத்திரியில் பைத்தானில் புறக்கோள் (வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்) படங்களை அலசிப் பழகுகிறேன். சிலியில் பரனால் மலைமேல் உள்ள வி.எல்.டி. தொலைநோக்கியின் நாகோ கருவி 2013 ஜனவரியில் பீட்டா பிக்டோரிஸ் நட்சத்திரத்தை எடுத்த தரவு, விஐபி என்ற பைத்தான் மென்பொருள் தொகுப்போடு பயிற்சிக்குக் கிடைக்கிறதே, அதுதான். மொத்தம் 61 பிரேம், ஒவ்வொன்றும் 101×101 பிக்சல்.

எல்லா பிரேமுக்கும் மீடியன் (நடு மதிப்பு) எடுத்து, அதை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தேன். சுழற்றுவதை மட்டும், புரிந்து செய்யலாமே என்று சைபை என்ற பைத்தான் தொகுப்பில் நானே எழுதினேன். ஒவ்வொரு பிரேமிலும் வானம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணக் கோப்பில் உள்ளபடி திருப்பி, மறுபடி மீடியன் போட்டு அடுக்கினேன். நட்சத்திரத்தின் வெளிச்சம் நன்றாகவே போய்விட்டது. கோள்தான் இல்லை. மூன்று நாளாக இதே கதை.

குமரன்81:
பிசிஏ (பிரேம்கள்ல பொதுவா இருக்கிற வடிவங்களைக் கூறு கூறா பிரிச்சுக் கழிக்கிற முறை) போட்டுப் பாருங்க ப்ரோ. 30 கூறு வெச்சா எவ்வளவு மங்கலா இருந்தாலும் வந்துடும்.

விண்மணி:
குமரன், கூறு ஏற ஏற இரைச்சலோட சேர்ந்து கோளும் கரையும். அதோட, இந்தத் தரவுக்கு பிசிஏவே வேண்டாம். பீட்டா பிக்டோரிஸுக்கு வயசு 2 கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கோள் உருவான சூடு இன்னும் ஆறலை, 1,700 கெல்வின் பக்கம். 3.8 மைக்ரான் அகச்சிவப்புல பார்த்தா நட்சத்திரத்தைவிட 1,600 மடங்குதான் மங்கல். நம்ம வியாழனை வெளியில இருந்து சாதாரண ஒளியில பார்த்தா, சூரியனைவிட நூறு கோடி மடங்கு மங்கலா இருக்கும். அதனால இங்கே வெறும் மீடியனுக்கே பளிச்சுனு தெரியணும்.

பாரி, எனக்குச் சந்தேகம் உங்க சுழற்சி மேலதான். கடைசி அடுக்குல மீடியனுக்குப் பதிலா சராசரி போட்டுப் பாருங்க. நடுவிலிருந்து 16, 17 பிக்சல் தூரத்துல வளைவா ஏதாவது தீற்றல் வருதா?

பாரி:
வருது அக்கா! மங்கலா, கிட்டத்தட்ட அரைவட்டம்.

விண்மணி:
அதான் உங்க கோள். குறி மாறிப்போச்சு.

பஸ் ஜன்னல் கண்ணாடியில ஒட்டின சேறு அங்கேயே இருக்கும், வெளியே மரம் மட்டும் நகரும் இல்லையா? கருவியால வர்ற ஸ்பெக்கிள் (நட்சத்திர ஒளி சிதறி விழற புள்ளிகள்) அந்தச் சேறு, வானம் அந்த மரம். இந்தத் தரவுல வானம் சுமார் 80 டிகிரி திரும்புது. அதை எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கணும். நீங்க அதே பக்கம் திருப்பினதால 160 டிகிரிக்கு இழுபட்டிருக்கு. ஒரு பிக்சல்ல சில பிரேம்ல மட்டும் கோள் இருந்தா மீடியன் அதைத் தூக்கிப் போட்டுடும். கோணத்துக்கு முன்னாடி ஒரு மைனஸ் போடுங்க.

பாரி:
ஒரே ஒரு மைனஸ்! புள்ளி வந்துவிட்டது. ஆனால் மேலே வலப்பக்கம் இருக்கிறது. வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம் என்றால் அது வடமேற்கு. தென்மேற்கில்தானே இருக்க வேண்டும்?

விண்மணி:
நல்லா கவனிச்சீங்க. அங்கே இருக்கவே முடியாது. இந்த நட்சத்திரத்தைச் சுத்தின தூசித் தட்டு, 1984-ல முதல்ல படமாச்சே, அது வடகிழக்கு–தென்மேற்கா நீளமா, விளிம்பு தெரியற மாதிரி கிடக்கு. கோளும் ஏறக்குறைய அதே தளத்துலதான் சுத்துது. 2003-ல எடுத்த படத்துல வடகிழக்குல இருந்தது. பின்னணி நட்சத்திரமா இருக்குமோன்னு எல்லாருக்கும் சந்தேகம். 2009-ல மறுபக்கம், தென்மேற்குல தென்பட்ட பிறகுதான் கோள்னு உறுதியாச்சு. இந்த நட்சத்திரத்தோட விஷயத்துல பக்கம் மாறினா கதையே மாறிடும்.

உங்க தரவுல கோளாறு இல்லை. படம் வரையற மேட்பிளாட்லிப் தொகுப்பு முதல் வரிசையை மேலே வெச்சு வரையும். அதோட இம்ஷோ கட்டளையில ஆரிஜினை 'லோயர்'னு மாத்துங்க.

குமரன்81:
நானும் இதே ஆரிஜின்ல ஒரு வாரம் தொலைச்சிருக்கேன், சொல்ல வெட்கமா இருந்துச்சு 😅

பாரி:
இப்போது கீழே வலப்பக்கம், நடுவிலிருந்து சுமார் 16.6 பிக்சல். ஒரு பிக்சல் 0.0272 ஆர்க்செகண்ட் (டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) என்றால் 0.45 வருகிறது. நன்றி அக்கா. கடைசியாக ஒன்று: புள்ளிக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக இறக்கை மாதிரி இருக்கிறதே, அதுவும் என் தப்பா?

விண்மணி:
இல்லை. மீடியன்ல கோளோட வெளிச்சமும் கொஞ்சம் கலந்திருக்கும். கழிக்கும்போது அது பக்கத்துல பள்ளமா விழும். கோளோட பிரகாசமும் அதனாலயே கொஞ்சம் குறைஞ்சிருக்கும். அதை அளக்கணும்னா, தெரிஞ்ச பிரகாசத்துல ஒரு பொய்க் கோளை அதே தூரத்துல வேற கோணத்துல போட்டு, எவ்வளவு திரும்பி வருதுன்னு பாருங்க. சந்தேகம் வந்தா இங்கேயே எழுதுங்க.