2006 எஃப்-150, 5.4 லிட்டர் எஞ்சின்: ஸ்பார்க் பிளக்குகளை வீட்டிலேயே மாற்றலாமா?

ஹூஸ்டன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2006ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் உள்ளது. சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட 5.4 லிட்டர் வி8 எஞ்சின், 98,000 மைல் ஓடியிருக்கிறது, பிளக்குகள் இதுவரை மாற்றப்படவில்லை. சில நாட்களாக மேம்பாலம் ஏறும்போது மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு எரிவது) தெரிகிறது. ஸ்கேனரில் பி0304, அதாவது 4ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்ற குறியீடு வருகிறது. ஊரில் அப்பாவின் பைக்கில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. இந்த எஞ்சினில் பிளக் உடைந்து உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? நானே செய்யத் துணியலாமா?

பழையகைராட்செட்:
வணக்கம் நண்பரே. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பொறுமை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இந்த பிளக்கில் மரைக்குக் கீழே மெல்லிய நீண்ட உறை ஒன்று எரியறைவரை இறங்குகிறது. அது மேற்பகுதியோடு ஒரே வார்ப்பாக இல்லாமல் தனியாகச் செய்து பொருத்தப்பட்டது. பல ஆண்டுக் கரி அந்த உறைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இறுகிவிடுவதால், நாம் திருகும்போது மேற்பகுதி மட்டும் கையோடு வந்து, உறை உள்ளேயே நின்றுவிடுகிறது.

பிளக்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 4ஆம் சிலிண்டரின் காயிலை (பிளக்கிற்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) 2ஆம் சிலிண்டருக்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் பழுது காயிலில்தான். மாறாமல் பி0304 என்றே நின்றால் முதல் சந்தேகம் பிளக்கின் மேல். காயிலைப் பிடித்திருப்பது 7 மி.மீ. போல்ட் ஒன்றுதான், ஆனால் கனெக்டரின் பிளாஸ்டிக் தாழ் வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கிப் போயிருக்கும், மெதுவாக அழுத்துங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பிளக் இருக்கும் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கையும் அரைக்கால் முதல் கால் சுற்றுவரை மட்டும் தளர்த்துங்கள். பிறகு குழிக்குள் கரியை இளக்கும் கார்புரேட்டர் கிளீனரை ஒரு சிறு கரண்டி அளவுக்கு மிகாமல் விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊற விடுங்கள். திரவத்தை அமுக்க முடியாது என்பதால், அதிகமாக ஊற்றி அது சிலிண்டருக்குள் தேங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து. ஊறிய பின் சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, முன்னும் பின்னுமாகத் திருகிக்கொண்டே வாருங்கள். இறுகினால் வலுக்கட்டாயமாகத் திருகாமல் மறுபடி ஊற விடுங்கள். அதிரடித்துத் திருகும் இம்பாக்ட் கன்னை இந்தப் பக்கமே கொண்டு வர வேண்டாம்.

புதிய பிளக்கின் உறையில் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸை (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) மெல்லியதாகப் பூசுங்கள். மரையிலும் முனையிலும் படக்கூடாது. இறுக்குவதற்கு, விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம்: 25 அடி-பவுண்டு.

கால்கரிக்காரன்:
ஐயா சொன்னவற்றில் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சூட்டோடு கழற்றினால் எளிதாக வரும் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஹெட் அலுமினியம், மரை பிய்ந்துவிட்டால் அது வேறு பெரிய வேலை. ஃபோர்டு 2008இல் வெளியிட்ட பழுதுபார்ப்புக் குறிப்பும் அறை வெப்பநிலைக்கு ஆறவிடத்தான் சொல்கிறது.

எனக்கு உடைந்தது ஐந்தாவது பிளக். முதல் நான்கும் நன்றாக வந்துவிட்டதால், கீச்சென்ற சத்தம் கேட்டும் நிறுத்தாமல் திருகினேன். சத்தம் நின்று ராட்செட் திடீரென்று இலேசானது. அந்தக் கணம் இன்னும் கையில் இருக்கிறது. லிஸ்ல் 65600 என்ற கருவிதான் காப்பாற்றியது: உடைந்த பீங்கானைக் கீழே தள்ளி, உறைக்குள் மரை வெட்டி இறங்கி, நட்டைத் திருகத் திருக உறையை மேலே இழுத்து வரும். வேலையைத் தொடங்கும் முன்பே அதை வாங்கி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கடைக்குப் போக வண்டி ஓடாது. புதிதாக வாங்கும்போது ஒரே துண்டாக வரும் பிளக்கும் கிடைக்கிறது. சாம்பியன் நிறுவனம் தயாரிக்கிறது. நான் அதையே மாட்டினேன்.

ஹூஸ்டன்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காயிலை மாற்றிப் பார்த்தும் பி0304 அப்படியே நின்றதால், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே தொடங்கினேன். ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பு) ஒட்டியிருக்கும் 4ஆம் பிளக்கிற்கு மட்டும் மூன்று முறை ஊறவிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கீச்சிட்டபோதும் கையை எடுத்துவிட்டேன். வேலை முடிய மதியமானது, ஆனால் எட்டும் முழுதாக வந்தன. நான்காவதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. பொறி அந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மாலையில் அதே மேம்பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினேன், மிஸ்ஸிங் இல்லை.