மூணு ஃபிரேமில் ஓடும் ஏலக்காய்க் கணக்கு: இடது மெனுவை மட்டும் மாற்ற என்ன வழி?

கம்பம்மெட்டு:
வணக்கம். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு வெப் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். பழைய ஃபிரேம்செட், அதாவது ஒரே ஜன்னலைப் பல கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனிப் பக்கம் காட்டும் முறை. மேலே சீசனும் பயனர் பெயரும், இடது பக்கம் மெனு, வலது பக்கம் பதிவுப் பக்கங்கள். மெனுவை அமுக்கினால் டார்கெட் (எந்த ஃபிரேமில் திறக்க வேண்டும் என்ற குறிப்பு) வழியாக வலது பக்கம் திறக்கும், அதில் வம்பில்லை.

வம்பு வலது பக்கத்துக்குள்ளேயே இருக்கும் லிங்குகளில். பச்சைக்காய் வரவிலிருந்து நேராக லாட் (ஏலத்துக்குப் பிரித்த சரக்கு) பட்டியலுக்குப் போனால், மெனுவில் 'பச்சைக்காய் வரவு'தான் இன்னும் மஞ்சளாக நிற்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளை அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் எடை அடிப்பார். அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ; இடம் மாறி ஏறினால் கணக்கு என்னத்துக்கு ஆகும்? இதுபோக புத்தடி ஏலமா, போடி ஏலமா என்பதற்குத் தகுந்து துணைமெனுவும் மாற வேண்டும்.

லிங்கை அமுக்கியதும் இரண்டு ஃபிரேமின் லொகேஷனையும் (பக்க முகவரியையும்) சேர்த்து மாற்றிப் பார்த்தேன். மெனு முழுசாக மறுபடி லோட் ஆகி உச்சிக்குப் போய்விடுகிறது. வண்டன்மேட்டில் மழை நாளில் வரும் நெட்டுக்கு அது வெள்ளையாகவே நிற்கும். பேக் பட்டனை அமுக்கினால் மெனு மட்டும் பின்னால் போகிறது, வலது பக்கம் அசைய மாட்டேன் என்கிறது. காய் பறிப்பு முடிகிறவரை பெரிசாக எதையும் தொடக் கூடாது என்று முதலாளி உத்தரவு.

நகரி:
இன்னுமா ஃபிரேம்செட்? 1999-இல் வந்த எச்டிஎம்எல் 4.01-இல் இருந்தது, 2014-இல் எச்டிஎம்எல் 5 வந்தபோதே வழக்கொழிந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் புதுசாக எழுதிவிடுங்கள் சார்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
நகரி சார், அவருதான் முதலாளி உத்தரவையும் சேர்த்தே சொல்லிட்டாரே. பிரவுசர்கள் இன்னும் ஃபிரேம்செட்டைக் காட்டிட்டுத்தான் இருக்குதுங்க.

தம்பி, மெனுவை மாத்துற வேலையை லிங்க்கிட்ட குடுக்காதீங்க. வந்து சேர்ற பக்கத்துக்கிட்ட குடுங்க. வலதுல எந்தப் பக்கம் வந்தாலும், அது பேரன்ட் (மேலே இருக்கிற ஃபிரேம்செட் பக்கம்) வழியா மெனு ஃபிரேம்ல இருக்கிற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, 'நான் லாட் பட்டியல், போடி ஏலம்'னு சொல்லட்டும். அந்த ஃபங்ஷன் பழைய வரியிலிருந்து மஞ்சள் நிறம் தர்ற சிஎஸ்எஸ் கிளாஸை எடுத்துப் புது வரிக்குப் போடும், ஒரு துணைமெனுவை மறைச்சு இன்னொண்ணைக் காட்டும். மெனு லோட் ஆகாது, ஸ்க்ரோல் இருந்த இடத்துலயே இருக்கும். லிங்க்ல வந்தாலும் சரி, ஃபார்ம் சேமிச்சதும் சர்வர் வேற பக்கத்துக்குத் திருப்பி விட்டாலும் சரி, மஞ்சள் தப்பாது.

பேக் பட்டன் கோளாறு எதனாலன்னா, எல்லா ஃபிரேமுக்கும் சேர்த்து ஹிஸ்டரி (போய் வந்த பக்கங்களோட வரிசை) ஒண்ணுதான். நீங்க ரெண்டு லொகேஷனை மாத்தினா ரெண்டு படி ஏறுது, பேக் ஒரு படிதான் இறங்கும். மெனுவை லோட் பண்ணியே ஆகணும்னா, லாகின் மாறும்போது அப்படி வரும், லொகேஷன்ல ரிப்ளேஸ் போடுங்க. அது புதுப் படி ஏத்தாது.

ஒரு இடத்துல உதைக்கும், பாருங்க. முதல்ல திறக்கும்போது மெனுவை முந்திட்டு வலது பக்கம் வந்துட்டா, கூப்பிட அங்க ஃபங்ஷனே இருக்காது. அதனால பக்கம் தன் பேரை ஃபிரேம்செட் பக்கத்துல ஒரு வேரியபிள்ல எழுதி வெச்சிடட்டும், ஃபங்ஷன் இருந்தா மட்டும் கூப்பிடட்டும். மெனு வந்ததும் அதைத் தானே படிச்சுக்கும். இந்தக் கூப்பிடுறதை, பக்கம் லோட் ஆனதும் ஓடுற ஆன்லோடுக்குப் பதிலா, பக்கம் கண்ணுக்கு வர்றப்பல்லாம் ஓடுற பேஜ்ஷோ ஈவென்ட்ல கட்டுங்க. பிரவுசர் பழைய பக்கத்தை நினைவிலிருந்து எடுத்துக் காட்டினா ஆன்லோட் ஓடாது, பேஜ்ஷோ ஓடும்.

கம்பம்மெட்டு:
அக்கா, மஞ்சள் ஒழுங்காக நகர்கிறது, பேக்கும் சரி. பட்டுவாடா ரிப்போர்ட் மட்டும் வேறொரு சப்டொமைனிலிருந்து வருகிறது. அங்கே பேரன்ட்டைத் தொட்டாலே கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் இடம்) சிவப்பு எழுத்து.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ஆரிஜின் (நெறிமுறை, டொமைன், போர்ட் மூணும் சேர்ந்தது) வேறயானா பிரவுசர் தொட விடாதுங்க. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வித்தியாசமோ போர்ட் வித்தியாசமோ இருந்தாக்கூட வேற ஆரிஜின்தான். அந்தப் பக்கம் போஸ்ட்மெசேஜ்ல (வேற ஆரிஜினுக்கும் செய்தி அனுப்புற வழி) ஃபிரேம்செட் பக்கத்துக்குப் பேரை அனுப்பட்டும், அது மெனுக்கிட்ட சொல்லும். அனுப்புறப்ப நட்சத்திரக்குறி (யாரு வேணா வாங்கலாம்னு அர்த்தம்) போடாம உங்க முகவரியையே போடுங்க. வாங்குற இடத்துல ஆரிஜினைப் பார்த்துட்டு, தெரியாத இடத்துலேர்ந்து வந்தா தள்ளிவிட்டுருங்க.

நகரி:
எஃப்5 அடித்தால் முதல் பக்கத்துக்கே போய்விடுமே, அதற்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வேரியபிள்ல எழுதுற அதே பேரை ஃபிரேம்செட் முகவரியில ஹாஷுக்குப் (#) பின்னாலயும் ரிப்ளேஸ்ஸ்டேட்ல (ஹிஸ்டரியில புதுப் படி ஏத்தாம முகவரியை மாத்துறது) எழுதிட்டா, திறக்கும்போது அதைப் படிச்சு வலது பக்கத்தைப் போடலாம் சார். ரியாக்ட் வேண்டியதில்லை.