அப்பாவோடு கோச்சியில் ஐரோப்பா: வழியில் சந்தித்த ஆட்கள்

சுவிசுக்கும் ஜேர்மனிக்கும் ரயிலில் போகப்போகிறோம் என்று பாரிசில் இருக்கிற மச்சானிடம் சொன்னதும் அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "நாங்கள் இவ்வளவு பேர் இருக்க, வயது போன மனிசனை ஸ்டேஷன் ஸ்டேஷனாய் இழுக்கப் போறியோ? கார் கிடக்கு, ஏத்திக்கொண்டு போய் விடுறன்." வெளிநாட்டுச் சொந்தங்களின் அன்பு அப்படித்தான், காரில் ஏற்றி இறக்குவதில் வந்து நிற்கும். ஆனால் காரில் போனால் என்ன நடக்கும்? பின் சீற்றில் இருத்தி, பெல்ற் போட்டு, ஆறேழு மணித்தியாலம் நெடுஞ்சாலை மதிலைக் காட்டி, இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் கொண்டுபோய் இறக்குவார்கள். அங்கேயும் அதே இடியப்பம், அதே ஊர்க்கதை, அதே தமிழ் ரீவி. அதை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் கோண்டாவிலில் இருந்தே பார்க்கலாம், விசாக் காசும் மிச்சம்.

அதோடு அப்பாவுக்குக் கோச்சி, அதுதான் ரயில், என்றால் வேறு விஷயம். மனிசன் புகையிரதத் திணைக்களத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1990இல் யுத்தத்தால் வடக்குப் பாதை நின்றபோது தென்மராட்சிப் பக்கம் வேலை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போன காலத்தில் மாற்றலாகித் தெற்கே போனார். 2014 ஒக்ரோபரில் கொழும்பு வண்டி யாழ் தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது பென்சன்காரராகச் சனத்துக்குள் நின்று பார்த்தார். இப்படிப்பட்ட ஆளைக் காரில் ஏற்றினால் பாவம் பிடிக்கும்.

விசா, டிக்கெட் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: எந்த நாட்டில் கூட நாள் நிற்கப் போகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள்தான், அதனால் ஒரு விசா போதும், காசு மட்டும் பிராங். ரயில் பாஸ் என்றால் எங்களைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில், அங்கே வசிப்பவர்களுக்குத்தான் இன்ரரெயில், மச்சான்மார் மாறிச் சொல்வார்கள், கவனம். 60 வயது தாண்டினவர்களுக்கு 10 வீதம் கழிவு உண்டு. பாஸ் இருந்தாலும் பிரான்சின் ரீஜீவீ என்ற வேக வண்டிக்கு இருக்கை தனியாகப் பதிய வேண்டும், ஜேர்மனியின் பெரும்பாலான வண்டிகளுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் பெற்றோரோடு போகிறவர்கள் அங்கேயும் பதிந்துவிடுங்கள். முக்கியமாக, வண்டி மாறுகிற இடத்தில் ஏழெட்டு நிமிஷம் என்று இணையம் காட்டுகிற இணைப்பை எடுக்காதீர்கள். இளம் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் ஆட்கள் படியிறங்கும்போது கைபிடியைப் பிடித்து, மூச்சு விட்டு, செருப்பைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். நான் எல்லா இடத்திலும் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் விட்டேன். அந்த முக்கால் மணித்தியாலங்களில்தான் ஆட்களைச் சந்தித்தோம்.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த இடம். மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு வடையும் பிளேன்ரீயும் குடித்து வந்தோம், அவ்வளவுதான்.

பாரிசிலேயே இருக்கிற லியோன் ஸ்டேஷனில் சுவிசின் பாசல் நகரத்துக்கு வண்டி எடுக்கப் போனபோதுதான் அப்பா வேலையைத் தொடங்கினார். அங்கே எந்த மேடையிலிருந்து வண்டி புறப்படும் என்பதை ஏறக்குறைய இருபது நிமிஷத்துக்கு முன்னம்தான் பலகையில் போடுவார்கள். அதுவரைக்கும் சனம் முழுக்கப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வண்டி எங்க வருமெண்டு மாஸ்டருக்குத் தெரியாதோ?" என்று தொடங்கி, கடைசியில் அங்கே நின்ற ஊழியப் பெண்ணிடம் போய்த் தன் பழைய ஆங்கிலத்தில் "மேடம், ஐ ஆம் ஆல்சோ ஸ்டேஷன் மாஸ்டர்" என்றார். நான் மானம் போச்சு என்று நிற்க, அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பெட்டி இலக்கம் மேடையின் எந்தப் பக்கம் வரும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று விரலால் காட்டி விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு பயணம் முழுக்க அப்பாவின் விசிட்டிங் கார்ட் அந்த ஒரு வசனம்தான்.

வண்டிக்குள் எங்களுக்கு எதிர்க் கதிரையில் ஒரு கிழவி, மடியில் பைக்குள் குட்டி நாய். பரிசோதகர் வந்தபோது தன் டிக்கெட்டையும் நாயின் டிக்கெட்டையும் சேர்த்து நீட்டினா. நாய்க்கும் டிக்கெட் என்று நான் சொன்னதும் அப்பா அந்த மனிசியைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. யாழ் தேவியில் சீற்றுக்குக் கீழே சாக்கால் மூடி ஆட்டுக்குட்டி கொண்டுபோனவர்களோடு மல்லுக்கட்டின ஆள் அல்லவா. பாசல் வரைக்கும் இருவரும் ஒருவருக்கு விளங்காத பாஷையில் மற்றவர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள்.

சுவிசில் தங்கச்சி வீடு பேர்னில். அங்கிருந்து ஒருநாள் கொட்டார்ட் மலைப்பாதைக்குப் போனோம். இத்தாலிப் பக்கம் போகிற வேக வண்டிகள் இப்போது 57 கிலோமீற்றர் நீளமான கீழ்ச் சுரங்கத்துக்குள்ளால் போய்விடும், 2016இல் திறந்தது, உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம். ஆனால் அதில் போனால் இருபது நிமிஷம் இருட்டைத்தான் பார்க்கலாம். 1882ஆம் ஆண்டுப் பழைய பாதையில் லொகார்னோ வரை போகிற செம்பு நிற வண்டி ஒன்று இருக்கிறது, ஆர்த்-கோல்டாவில் ஏறலாம். வாசன் என்ற கிராமத்துத் தேவாலயம் அந்தப் பாதையில் மூன்று தரம் தெரியும். வண்டி மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறுவதால் முதலில் கோயில் எங்களுக்கு மேலே, பிறகு நேரே, பிறகு கீழே. அப்பா யன்னலோடு ஒட்டிக்கொண்டு, "தெமோதரையில எங்கட ஆக்களும் இப்படித்தான் சுத்தி விட்டவங்கள், கோச்சி தன்ர ஸ்டேஷனுக்குக் கீழாலேயே போகும்" என்று சத்தமாகச் சொன்னார். அப்போது பின்னாலிருந்து, "அங்கிள் நீங்கள் எந்த ஊர்?" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் டிக்கெட் பார்க்கிற பிள்ளை. சீருடை, காதில் தோடு, கையில் மெஷின். அதற்கு ஒரு நிமிஷம் முன்னம் பக்கத்துக் கதிரைக்காரரோடு சுவிஸ் ஜேர்மன் பொழிந்துகொண்டிருந்தவள். தாய் மட்டுவிலாம், பிள்ளை பிறந்தது அங்கே. தமிழ் கொஞ்சம் தடக்கித் தடக்கி வந்தது, ஆனால் யாழ்ப்பாணத் தமிழ். அப்பா இடம் ஊரெல்லாம் விசாரித்து முடித்து (மட்டுவில் என்றதும் அந்த ஊர்க் கத்தரிக்காய்க் கதையும் வந்தது), அப்புறம் வேலைக்கு வந்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டி வராமல் இருக்கத் தாங்கள் டப்லெட் என்ற உலோகத் தட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கொழுவி, ஓடுகிற கோச்சியின் ட்ரைவருக்குக் கை நீட்டிக் கொடுத்ததை எழும்பி நின்று நடித்தே காட்டினார். அந்தத் தட்டு கையில் இல்லாமல் ட்ரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக ஏலாது. "வளையம் கையில அடிபடாதோ அங்கிள்?" என்று கேட்டாள். சட்டைக் கையை மடித்து முழங்கைக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினார். எனக்கு அந்தத் தழும்பு தெரியும், இத்தனை வருஷமாகச் சைக்கிளில் விழுந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

வடக்கே போகிற வழியில் ஒரு வண்டி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை. ஒன்றியத்துக்குள் 60 நிமிஷம் பிந்தினால் கட்டணத்தில் கால்வாசியும், 120 நிமிஷம் பிந்தினால் அரைவாசியும் கேட்டு வாங்கலாம் என்பது பொதுவான விதி, டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். அந்தச் சின்ன ஸ்டேஷனில் ஒரு எரித்திரியத் தாயும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வாங்கில் மாட்டுப்பட்டிருந்தார்கள். அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடையை அப்பா நீட்டினார். சின்னவன் கடித்துவிட்டு உறைப்பில் அழப்போகிறான் என்று பார்த்தால், இன்னொன்றுக்குக் கை நீட்டுகிறான். தாய் சிரித்தபடி தங்கள் மிளகாய்த்தூள் இதைவிட மோசம் என்று சைகையால் சொன்னா. நாங்கள் வண்டி ஏறும்போது வடைப் பை காலி.

ஜேர்மனியின் காசல் ஸ்டேஷனில் இறங்கியது அப்பாவின் பிடிவாதத்தால். எங்கள் நாட்டில் ஓடுகிற எம்6 என்ஜின்கள் 1979 அளவில் அந்த ஊர் ஹென்ஷல் கொம்பனியிடமிருந்து வந்தவை. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, புதுக் கட்டடம், பேக்கரி, சனம். ஆனால் பாண் விற்ற வயதான மனிசியிடம் அப்பா "ஹென்ஷல், ஹென்ஷல்" என்று சொல்ல, அவ உடனே விளங்கி நகரத்துப் பக்கம் கையைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னா. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அப்பாவுக்கு எல்லாம் விளங்கினதாம்.

அங்கிருந்து ஹம் என்ற ஊர். காமாட்சி அம்மன் கோயிலுக்காகத்தான் போனது, 2002இல் கட்டி முடித்த கோயில், தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் எழும்பி நிற்கும், பார்க்க வடிவு. ஆனால் நான் எழுத வந்தது ஸ்டேஷனைப் பற்றி. பேர்லினிலிருந்து வருகிற வேக வண்டிகள் சில அங்கே இரண்டாகப் பிரியும், ஒரு பாதி டோர்ட்முண்ட் பக்கம், மற்றப் பாதி வூப்பர்டால் வழியாகக் கேள்ன். எதிர்ப் பக்கம் வரும்போது இரண்டும் சேரும். (மாறி ஏறினால் வேறு ஊரில் நிற்பீர்கள்.) ஒரு வண்டி மேடையில் நிற்க, மற்றது ஆமை வேகத்தில் வந்து, மூக்கைத் திறந்து, மெல்ல முட்டிக் கொழுவிக்கொண்டது. இடையில் ஒரு மனிதரும் இறங்கவில்லை. எங்கள் ஊரில் பெட்டி கொழுவுவதென்றால் ஆள் நடுவில் புகுந்து கொழுக்கியைத் தூக்கிப் போட வேண்டும். அப்படிப் பெருவிரலை இழந்த ஒரு போட்டரின் கையைத் தன் துவாயால் சுற்றிக்கொண்டு அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடின கதையை அப்பா அங்கே வைத்துத்தான் சொன்னார்.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த சோடியையும் பார்க்க வேண்டும் என்றார். நின்றோம். மேடையில் நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கனநேரமாக ஒரு கிழவர் தண்டவாளத்தையே பார்ப்பதைக் கண்டு பக்கத்தில் வந்தார். கவலைப்பட்டிருப்பார் போல. அப்பா தன் வசனத்தை எடுத்துவிட்டார். அந்த மனிதர் உடனே தொப்பியைச் சரிசெய்து கை கொடுத்தார். பிறகு அப்பா தண்டவாளத்தைக் காட்டி, "ஸ்மோல். அவர்ஸ் பிக்" என்றார். அவர் நம்பவில்லை. இலங்கை என்றால் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடுகிற குட்டி ரயிலைத்தான் நினைத்திருக்க வேண்டும். அப்பா இரண்டு கையையும் விரித்து அளவு காட்ட, அவர் சிரித்துக்கொண்டு தன் கையை அதைவிடக் கிட்டப் பிடித்துக் காட்ட, மேடையில் போகிற சனம் எல்லாம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு போனது. கடைசியில் நான் கைபேசியில் தேடி நீட்டினேன்: தண்டவாள இடைவெளி ஜேர்மனியில் 1435 மில்லிமீற்றர், இலங்கையில் 1676. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு அப்பாவுக்கு சலூட் அடித்தார், சும்மா பகிடிக்கு இல்லை, உண்மையாகவே. அன்று பின்னேரம் கோயில் பூசைக்குப் பிந்தித்தான் போனோம், தீபாராதனை முடிந்துவிட்டது, அப்பா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தது டுசெல்டோர்ஃபிலிருந்து டுபாய் வழியாக. விமான நிலையத்தில் வயது போனவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி இலவசம், 48 மணித்தியாலத்துக்கு முன்னமே விமானக் கொம்பனிக்குச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லியிருந்தேன், அப்பா ஏற மறுத்துவிட்டார். வெற்று நாற்காலியில் எங்கள் கைப்பைகளை ஏற்றி, தள்ள வந்த பொடியனோடு கதைத்தபடி அப்பாவே நடந்தார்.

டுபாயில் கொழும்பு விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில், வீட்டுவேலை ஒப்பந்தம் முடிந்து திரும்புகிற எங்கள் நாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தரையில் இருந்தார்கள். பலகையில் வாசல் இலக்கம் மாறினதை ஒருவரும் காணவில்லை, நானும் அரைத்தூக்கம். அப்பா கண்டார். எழும்பி, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி, "எல்லாரும் எழும்புங்கோ, இடம் மாறியாச்சு" என்று பழைய மேடைக் குரலில் கூப்பிட்டு, அத்தனை பேரையும் பின்னால் வரச் சொல்லி நடந்தார். விமானத்துக்குள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவ வாழைச்சேனைக்காரி, பிள்ளைகளைக் கண்டு நாலு வருஷமாம். இரவு முழுக்க நித்திரை இல்லை அவவுக்கு.

கட்டுநாயக்காவில் எங்கள் பெட்டி ஒன்று வரவில்லை (பிறகு வந்தது, பூட்டு உடைந்து). அந்தப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருக்க, அப்பா வாழைச்சேனைக்காரிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மட்டக்களப்பு வண்டியான உதய தேவி எடுப்பது எப்படி, எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் இருந்தால் வெயில் படாது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவ எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னா: "மகன் வான் கொண்டு வந்து வெளியில நிக்கிறான் ஐயா."