இப் மேன் நான்கு படங்களையும் ஒரே மூச்சில் பார்க்கலாமா?

கேள்வி:
விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசான் இப் மேனைப் பற்றிய படங்களில் முதல் படத்தை மட்டும் எப்போதோ பார்த்தேன். இந்த ஞாயிறு நான்கையும் வரிசையாகப் பார்க்க ஆசை. அதே பெயரில் வேறு நடிகர்களின் படங்களும் தென்படுகின்றன. எவை இந்த வரிசையைச் சேர்ந்தவை? சண்டையாகவே போனால் மூன்றாவதுக்குள் சலித்துவிடாதா?

பதில் 1:
டோனி யென் நடித்து வில்சன் யிப் இயக்கியவை மட்டும்: 2008, 2010, 2015, 2019. மற்றவை இந்த நான்கில் சேராதவை. மொத்தம் ஏறக்குறைய ஏழு மணி நேரம்.

பதில் 2:
சலிக்காது நண்பரே. ஒவ்வொரு முறையும் இப் மேன் எதற்காகக் கை ஓங்குகிறார் என்று கவனியுங்கள். (கதை கொஞ்சம் வெளிப்படும்.)

முதல் படத்தில் வீடு தேடி வந்து வம்பிழுப்பவனை ஒரு இறகுத் துடைப்பத்தை வைத்தே சமாளிக்கிறார். ஜப்பானியர் ஊரைப் பிடித்த பிறகு, தன் கண் முன்னே ஒரு குரு சுடப்பட்டதும், அதே மனிதர் பத்து கராத்தே வீரர்களோடு மோதுகிறார். கீழே விழுந்தவனையும் விடாமல் குத்துகிறார். அந்தத் தொடர் குத்தில் அழகு பார்க்கத் தோன்றாது, ஆத்திரம்தான் தெரியும்.

இரண்டாவதில் ஹாங்காங்கில் விங் சுன் பள்ளி நடத்த, ஊதுவத்தி எரிந்து முடியும்வரை மேசைமேல் நின்று மற்ற ஆசான்களோடு மோதித் தாக்குப்பிடிக்க வேண்டும். எதிரே நடிகர் சாமோ ஹங். இங்கே பகை இல்லை, பிழைப்பு இருக்கிறது.

என் மனதில் நிற்பது மூன்றாவதுதான். பலரும் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனோடு நடக்கும் மூன்று நிமிடச் சண்டையைத்தான் சொல்வார்கள். நான் லிஃப்ட் காட்சியைச் சொல்வேன். நோயுற்ற மனைவி பக்கத்தில் நிற்கிறாள், தாய் குத்துச்சண்டைக்காரன் பாய்கிறான். அவர் ஒவ்வொரு அடியையும் அவள்மேல் படாமல் தடுத்தபடியே சண்டை போடுகிறார். அத்தனை நெருக்கடியான இடத்தில் விங் சுன் எதற்கென்று அப்போதுதான் புரியும். முதல் படத்திலிருந்து அந்த மனைவியைத் தொடர்ந்து பார்த்து வந்தால்தான் இது முழுதாகத் தைக்கும். தொடர்ச்சியாகப் பார்ப்பதன் பெரிய லாபமே அதுதான்.

நான்காவது சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. அந்தப் பயணம் கற்பனை. படமும் சற்றுத் தளர்வு. ஆனாலும் விடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. டப்பிங்கா, சப்டைட்டிலா? இடைவெளி எங்கே விடலாம்?

பதில் 2:
சப்டைட்டிலோடு பாருங்கள். முதல் படத்தில் சீனரும் ஜப்பானியரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் நிற்பதும், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தவிப்பதும் முக்கியம். டப்பிங்கில் எல்லோரும் ஒரே மொழி பேசினால் அந்தப் பதற்றம் போய்விடும்.

இடைவெளி இரண்டாவதுக்குப் பிறகு. முதல் இரண்டுக்கும் சண்டை அமைத்தவர் சாமோ ஹங், அடுத்த இரண்டுக்கும் யுவென் வூ-பிங். சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்த மாற்றம் நன்றாகவே தெரியும்.